பத்துப் பேருக்கு ஒரு டீன்

ஜூலை 1, திங்கள்

இன்று முதல் நான் டீன். ஹார்க்கர் கல்லூரியின் மொழிகள் புலத்துக்கு முதல் டீன். இருபத்தொன்பது வருடம் ஆங்கிலம் கற்பித்ததற்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன்.

காலை ஜெபம் முடிந்ததும் தாளாளர் அருமைநாயகம் எனக்குச் சால்வை போர்த்தினார். பதிலுக்கு ஏழு நிமிடம் பேசினேன். "டீன் என்ற சொல் லத்தீன் மொழியின் டெக்கானுஸ் என்பதிலிருந்து வந்தது. டெக்கெம் என்றால் பத்து. ரோமானியப் படையில் பத்து வீரர்களுக்கு ஒரு தலைவன், அவன்தான் டெக்கானுஸ். பிறகு மடங்களில் பத்துத் துறவிகளுக்கு ஒரு மூத்தவர். அங்கிருந்து பேராலயங்களுக்கும், அங்கிருந்து கல்லூரிகளுக்கும் இந்தச் சொல் நடந்து வந்திருக்கிறது. இன்று நம் கல்லூரி வாசலுக்கும் வந்துவிட்டது." நல்ல கைதட்டல். தாளாளர் மட்டும் கைதட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். என் பேச்சை யாரும் இதுவரை குறிப்பெடுத்ததில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

வீட்டில் மேபல் சால்வையைப் பிரித்துப் பார்த்தாள். "இது போர்த்துததுக்கா, விரிக்கதுக்கா?" என்று கேட்டாள். முப்பது வருடத்தில் அவள் என்னை ஒரு தடவை முழுதாகப் பாராட்டியிருப்பாள். எந்தத் தடவை என்று நினைவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

அறை வாசலுக்குப் பெயர்ப்பலகை வந்தது. 'எபநேசர் பொன்னுதுரை, டின்' என்று எழுதியிருந்தார்கள். திருப்பி அனுப்பினேன்.

ஜூலை 4, வியாழன்

தாளாளர் கூப்பிட்டனுப்பினார். மே மாதம்தான் இந்தப் பொறுப்புக்கு வந்தவர். அதற்கு முன் முப்பத்துமூன்று வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். சங்கரன்கோவிலிலிருந்து செங்கோட்டை வரை அவர் முத்திரை குத்தாத தராசு கிடையாது என்பார்கள். மேசையில் அந்தச் சின்ன நோட்டு திறந்திருந்தது.

"சார், டீன்னா பத்துப் பேருக்குத் தலைவர்னு சொன்னீய. சரிதான?"

"ஆமா ஐயா. சொல்லோட பிறப்பு அப்படி."

"உங்களுக்குக் கீழ எத்தனை பேரு?"

தமிழில் ஐந்து பேர், ஆங்கிலத்தில் என்னைத் தவிர மூன்று பேர், ஹிந்தி ஒருவர். "ஒன்பது" என்றேன்.

"ஒண்ணு கொறையுதே."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, அது ரோமாபுரி காலத்துக் கணக்கு. இப்ப டீன்ங்கது வெறும் பதவிப் பேரு" என்றேன்.

"கிலோங்கதும் என்னைக்கோ ஒருத்தன் ஏற்படுத்துனதுதான் சார். அதுக்காக இன்னைக்கு தொள்ளாயிரம் கிராமை ஒரு கிலோன்னு விக்க விடலாமா? முப்பத்துமூணு வருஷம் நான் விடல."

"என்னையும் சேத்தா பத்து ஆகுதே ஐயா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எடைக்கல்லை சரக்கோட சேத்தா நிறுப்பாங்க?"

ஆகஸ்டு இரண்டாம் தேதி சென்னையிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. ஜூலை முடிவதற்குள் எனக்குக் கீழே பத்துப் பேர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொழிகள் புலமே கிடையாது. எங்களையெல்லாம் அறிவியல் டீன் செல்வினுக்குக் கீழே சேர்த்துவிடுவார். அப்படிச் சேர்த்தால் மூன்று பேர் உபரி ஆவார்கள் என்றும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஹிந்தி டீச்சரும் ஆங்கிலத்தில் ஒப்பந்தத்தில் இருக்கும் இரண்டு பேரும். மூவரும் வேலையைவிட்டுப் போக வேண்டியதுதான்.

எழுந்து வரும்போது கேட்டார்: "ஆங்கிலத்துல ஒரு எடம் ரெண்டு வருஷமா காலியா இருக்கே, ஏன்?"

"ஒரு அம்மா விலகிட்டாங்க" என்று சொன்னேன்.

ஜூலை 5, வெள்ளி

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை.

பல்கலைக்கழகச் சுற்றறிக்கையை நகல் எடுக்கப் போனேன். கல்லூரி வாசலுக்கு எதிரிலேயே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நான் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள கடைக்குத்தான் போவது வழக்கம். நடப்பது உடம்புக்கு நல்லது. திரும்பும் வழியில் காற்று இரண்டு பக்கங்களைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. காற்றாலைகள் எல்லாம் வெறிபிடித்த மாதிரி சுற்றுகின்றன.

ஜூலை 8, திங்கள்

செல்வினின் அறைக் கதவில் இரண்டு பலகைகள் தொங்குகின்றன. ஒன்றில் 'டீன் 1', மற்றதில் 'டீன் 2'. அவருக்குக் கீழே இருபத்துமூன்று பேர். தாளாளர் அவரை நிறுத்துப் பார்த்து, இரண்டு டீன், மிச்சம் மூன்று பேர் என்று முடிவு செய்திருக்கிறார். செல்வின் காலையில் முதல் நாற்காலியிலும் மத்தியானத்துக்குமேல் இரண்டாவது நாற்காலியிலும் உட்காருகிறார். கோப்புகளைத் தனக்குத்தானே அனுப்பி, தானே ஒப்புதலும் கொடுத்துக்கொள்கிறார்.

"மிச்சம் மூணு பேருல ஒருத்தரை எனக்குத் தாரும்வே" என்று கேட்டேன். தாவரவியல் தவசிமணிக்குச் செடிகளின் லத்தீன் பெயர்கள் மனப்பாடம். மொழி ஆசிரியர் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்?

செல்வின் யோசித்தார். "தர முடியாதுவே. இன்னும் ஏழு பேரு கெடைச்சா நான் டீன் மூணு."

ஜூலை 10, புதன்

விடுதிச் சமையல்காரர் குஞ்ஞப்பன் கொல்லத்துக்காரர். மலையாளம் ஒரு மொழி. அந்த வழியில் அவரைப் பகுதிநேர மலையாள ஆசிரியராக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பதவி என்றால் என்னவென்றெல்லாம் அவருக்கு விளக்கினேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தாளாளர் முன்னால் வந்து நின்றார்.

"மலையாளத்துல என்ன சொல்லிக் குடுப்பீய?" என்று கேட்டார் தாளாளர்.

குஞ்ஞப்பன் என்னைப் பார்த்தார். பிறகு உண்மையைச் சொல்ல முடிவு செய்துவிட்டார். "புட்டு சார்."

தாளாளர் அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார். என்னை உட்காரச் சொல்லவில்லை. "கலப்படம் பண்ணாதீய சார்" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 11, வியாழன்

தமிழ்த்துறைத் தலைவர் பாக்கியமுத்துவுடன் தேநீர் குடித்தேன். நியாயப்படி இந்தப் பதவி அவருக்கு வந்திருக்க வேண்டும். என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். ஆனால் அவருக்கு அதில் வருத்தம் இல்லை. எதிலுமே அவருக்கு வருத்தம் இல்லை. அதுதான் சில சமயம் என்னைத் தொந்தரவு செய்கிறது.

"ஒரு ஆளுக்கு ஏன் ஊரெல்லாம் அலையுதீய? உங்க துறையில இருந்த லீதியாளைக் கூப்பிட்டா பத்து ஆயிருமே" என்றார்.

தேநீரில் சர்க்கரை கூடிவிட்டது என்று சொன்னேன்.

"அந்தப் பிள்ள தொலைச்சிருக்கும்னு நான் இன்னைக்கும் நம்பல சார். ஒரு பென்சிலைக்கூட எண்ணி வைக்கிற பிள்ள" என்றார் அவர்.

சர்க்கரை உண்மையிலேயே கூடித்தான் இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். போதகர் ஐயர் இன்று காணாமற்போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கித்தார். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போவது நிர்வாக ரீதியாகச் சரியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

லீதியாள் மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாட்டின் முதல் வரியிலேயே அவள் குரல் மற்ற குரல்களுக்கு மேலே எழும்பிவிடும். ஆராதனை முடிந்ததும் மேபல் நேராக அவளிடம் போனாள். நான் ஸ்கூட்டர் பக்கத்தில் இருபத்தைந்து நிமிடம் நின்றேன்.

"அவகூட என்ன பேச்சு?"

"முருங்கைக்காய் எங்க நல்லா கெடைக்குதுன்னு கேட்டேன்."

முருங்கைக்காயைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேச முடியாது.

ஜூலை 16, செவ்வாய்

காலி இடத்துக்குப் புதிதாக ஆள் எடுக்கலாம் என்று தாளாளரிடம் விண்ணப்பம் கொடுத்தேன். புதிய நியமனத்துக்குப் பேராயத்தின் அனுமதி வேண்டுமாம். ஆறு மாதம் ஆகும். "ஆனா விலக்குன ஆளைத் திரும்ப எடுக்க நான் ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அந்த அம்மா விலகல, நீங்க விலக்கியிருக்கீய. கோப்பைப் பாத்தேன்" என்றார்.

நான் விலக்கவில்லை. நிர்வாகக் குழு விலக்கியது. நான் துறைத் தலைவர் என்ற முறையில் அறிக்கை மட்டும்தான் கொடுத்தேன்.

எலெக்ட்ரீஷியன் வந்தார். மோட்டாரில் ஓணான் செத்துக் கிடந்தது.

ஜூலை 18, வியாழன்

கோப்பை வாங்கி நானும் படித்தேன். என் அறிக்கை ஒன்றரைப் பக்கம். ஆங்கில நடை நன்றாகவே இருக்கிறது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. இரண்டாம் ஆண்டு மாணவர்களின் நாற்பத்திரண்டு விடைத்தாள்கள் கொண்ட கட்டு ஏப்ரல் பதினொன்றாம் தேதி தேர்வு அலுவலகத்திலிருந்து பெறப்பட்டது. பதிவேட்டில் லீதியாள் செல்வமலரின் கையெழுத்து உள்ளது. கட்டு திரும்பி வரவில்லை. நாற்பத்திரண்டு பேரும் தேர்வை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. எல்லாம் உண்மை.

அவளைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வரச் சொன்னது யார் என்பதை அறிக்கை சொல்லவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. விசாரணையில் அவளும் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்னவோ.

ஜூலை 19, வெள்ளி

கல்லூரி வாசலுக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வேலை போன பிறகு லீதியாள் வைத்த கடை. எப்போதும் மாணவர் கூட்டம் இருக்கும். ஏன் என்று இன்றுதான் பார்த்தேன். லீதியாள் பிள்ளைகளின் கட்டுரைகளைப் பிழை திருத்திவிட்டுத்தான் நகல் எடுத்துக் கொடுக்கிறாள். என் வகுப்புப் பையன்களின் ஆங்கிலம் இரண்டு வருடமாகத் தேறிவருவதை என் சாதனை என்று ஆண்டறிக்கையில் எழுதியிருந்தேன்.

என்னைப் பார்த்ததும் கூட்டம் கலைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார். எத்தனை காப்பி?"

"காப்பி எடுக்க வரல. உன்னைக் கூப்பிட வந்தேன். உன் எடம் காலியாத்தான் இருக்கு."

"ரெண்டு வருஷமா காலியா இருக்கு. இன்னைக்கு என்ன விசேஷம்?"

பத்துக் கணக்கைச் சொன்னேன். எடைக்கல், டெக்கானுஸ், ஹிந்தி டீச்சர், எல்லாவற்றையும். அவள் சிரிக்காமல் கேட்டாள். கடைசியில் அடக்க முடியாமல் ஒரு கட்டுத் தாளால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"வாரேன் சார். ஹிந்தி மிஸ்ஸுக்கு வேலை போகக்கூடாது. ஆனா கட்டை யாரு தொலைச்சான்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

"லீதியா, பழசையெல்லாம் இப்பக் கிளறி..."

"பழசைக் கிளறதுதான சார் உங்க பாடம்? டீன்ங்க ஒரு சொல்லுக்கு ரோமாபுரி வரைக்கும் போறீய. ரெண்டாயிரம் வருஷம். ரெண்டு வருஷம் பின்னால போக முடியலையா?"

கைக்குக் கிடைத்த ஒரு தாளை நீட்டி ஒரு காப்பி என்றேன். மின்சாரக் கட்டண ரசீது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று மேபலிடம் சொன்னேன்.

இங்கேயாவது எழுதிப் பார்க்கிறேன். ஏப்ரல் பதினொன்று. துறையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தேர்வு அலுவலகம் மூடும் நேரம் ஆகிவிட்டது. "லீதியா, நான் திருத்த வேண்டிய கட்டை வாங்கிட்டு வந்துரு, நீயே கையெழுத்துப் போட்டுரு" என்றேன். அவள் வாங்கி வந்து என் மேசையில் வைத்தாள். விடைத்தாளை வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது விதி. வீட்டில் திருத்தினால் சௌகரியம் என்று எடுத்துக்கொண்டு தென்காசிப் பேருந்தில் ஏறினேன். மேலே தட்டில் வைத்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, தூங்கிவிட்டேன். நிறுத்தம் வந்ததும் திடுக்கிட்டு இறங்கினேன். பேருந்து கிளம்பிப் போன பிறகுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. மறுநாள் மூன்று பணிமனைகளில் போய்க் கேட்டேன். கிடைக்கவில்லை.

ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் விசாரணை வந்துவிட்டது. பதிவேட்டில் அவள் கையெழுத்து இருந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேபல் கோயிலிலிருந்து வந்துவிட்டாள். நோட்டை மூடினேன். அவள் பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு பஸ்ஸைவிட்டு எறங்கி வந்தீய. கையில கொடை மட்டும் இருந்துச்சு. கெளம்பும்போது போன்ல கட்டு கொண்டு வாரேன்னு சொல்லியிருந்தீய. கட்டு எங்கன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அதான் ரெண்டு வருஷமா அந்தக் கடைக்கே போறேன். அந்தப் பிள்ளகிட்ட ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லல. நாம ரெண்டு பேருமே சொல்லல."

சமையலறைக்குள் போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டை வைத்துவிட்டு அவளும் கூடவே உட்கார்ந்தாள். அப்படி இருவரும் சேர்ந்து சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன்.

ஜூலை 22, திங்கள்

கடிதம் எழுதினேன். ஐந்து பக்கம் வந்தது. முதல் பக்கம் கடமை என்பதன் பொருள் பற்றி. இரண்டாம் பக்கம் தென்காசிப் பேருந்துகளின் நெரிசல் பற்றி. 'மறதி' என்ற சொல்லின் வேர் பற்றி ஒரு பத்தி நன்றாக அமைந்திருந்தது. மேபல் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று வரிகளை வட்டமிட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்தாள்.

"விடைத்தாள் கட்டை நான் பேருந்தில் தவறவிட்டேன். லீதியாள் செல்வமலர் நான் சொன்னதால்தான் கையெழுத்திட்டார். இதை என் அறிக்கையில் மறைத்தேன்."

"இதுல என் தரப்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"இதுதான் உங்க தரப்பு" என்றாள்.

சாயங்காலம் எதிர்க்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லீதியாள் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து, 'கட்டை' என்பதை 'கட்டினை' என்று திருத்தினாள். "கட்டைன்னா தாளாளர் வெறகுக் கட்டைன்னு படிச்சிருவாரு சார், அவரு அப்படி ஆளு." கண் நனைந்திருந்ததை மறைக்கத்தான் திருத்தினாள் என்று நினைக்கிறேன். ஒரு காப்பி கேட்டேன். மூன்று எடுத்து, ஒன்றைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

ஜூலை 24, புதன்

தாளாளர் கடிதத்தைப் படித்தார். என் பழைய அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அறிக்கையில நான் பொய் எதுவும் எழுதல ஐயா" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"தெரியுது சார். கடைக்காரன் ஒருத்தன் இருந்தான். அவன் தராசும் சரி, கல்லும் சரி. நிறுக்கும்போது ஒரு வெரலை மட்டும் தட்டு மேல வச்சுக்கிடுவான். அவனைப் பிடிக்க எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைப் பிடிக்க வேண்டி வரல. நீங்களே வந்துட்டீய. அது ஒண்ணுதான் உங்க பக்கம் இருக்கு."

டீன் பதவி போயிற்று. பாக்கியமுத்து டீன். லீதியாளுக்கு அவளுடைய பழைய பணிமூப்போடு வேலை. அவளிடம் நிர்வாகம் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்கும். அடுத்து என்னை வேலையிலிருந்தே நீக்கும் உத்தரவை எழுத ஆரம்பித்தார். பாதி வரியில் பேனா நின்றது. நோட்டை எடுத்தார். விரல்களை மடக்கினார். மறுபடி மடக்கினார்.

"பாக்கியமுத்து எடைக்கல்லு. அவரை விட்டுருவோம். மத்தவங்க எட்டுப் பேரு. லீதியா வந்தா ஒன்பது." என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான துயரம் தெரிந்தது. "உங்களை நீக்கினா ஒண்ணு கொறையுது."

அப்படித்தான் என் வேலை தப்பியது. இருபத்தொன்பது வருட அனுபவத்துக்காக அல்ல, உண்மையைச் சொன்னதற்காகவும் அல்ல. பணிமூப்பு மட்டும் போய்விட்டது. இனி எல்லோருக்கும் கடைசி. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அந்த மூன்று வரிகளை நானே எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

ஜூலை 26, வெள்ளி

வாசித்தேன்.

ஜூலை 27, சனி

நேற்று ஒரே சொல்லோடு நிறுத்திவிட்டேன்.

அரங்கில் எழுநூறு பேர். மூன்று வரியை வாசிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்வரிசையில் நாலைந்து பட்டதாரிகள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நாற்பத்திரண்டு பேரில் சிலர், எப்படியோ கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

"சார், மறு தேர்வு அன்னைக்கு எங்க அக்காவுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு நான் போகல" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். நாற்பத்திரண்டு என்பதை இதுவரை ஓர் எண்ணாகத்தான் வைத்திருந்தேன்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

ஜூலை 29, திங்கள்

லீதியாள் வேலைக்கு வந்தாள். கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாளாம். பிழை திருத்தம் மட்டும் மத்தியான இடைவேளையில் தொடரும். ஹிந்தி டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் என் மேசையைக் கடைசி ஜன்னலுக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டேன். அங்கே மின்விசிறி எட்டாது.

ஜூலை 31, புதன்

பத்து நிறைந்ததில் தாளாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேற்கொண்டு படித்துவிட்டார். ரோமானியப் படையின் அந்தப் பத்து வீரர்களும் ஒரே கூடாரத்தில் தங்கியவர்களாம். டீன் என்பவர் அடிப்படையில் கூடாரத் தலைவர். சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்குப் போடும் பெரிய துணிக் கூடாரம் சபையில் இருக்கிறது. ஆய்வுக்குழு வரும் அன்று மொழிகள் புலம் முழுவதும் மைதானத்தில் கூடாரத்துக்குள் இருக்க வேண்டும்.

பாக்கியமுத்துவிடம் இதைச் சொன்னபோது, "நல்லதுதான், காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

ஆகஸ்டு 2, வெள்ளி

காற்றோட்டமாகத்தான் இருந்தது.

ஒன்பது மணிக்குக் கூடாரத்துக்குள் போனோம். டீன் பாக்கியமுத்து நடுவில் நாற்காலியில். சுற்றிலும் நாங்கள் பத்துப் பேர். ஒன்பதரைக்கு மலைப்பக்கமிருந்து ஆடிக்காற்று சாரலோடு இறங்கியது. முதலில் தமிழ்த்துறை பக்கத்து முளை பிடுங்கிக்கொண்டது. பிறகு மேல்துணி வயிறு மாதிரி உப்பியது. ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். ஹிந்தி டீச்சர் நடுக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு தூறலில் கண்ணை மூடி ஜெபம் செய்தார். பாக்கியமுத்து நாற்காலியைவிட்டு எழவில்லை. எழுந்தால் நாற்காலி பறந்துவிடும் என்றார்.

என் கயிற்றின் மறுமுனையில் லீதியாள். ஒரே கயிறு, இரண்டு பேர். என் செருப்பு சேற்றில் வழுக்கியது. அவள் குதிகாலை ஊன்றிச் சாய்ந்து பிடித்திருந்தாள். சேலை முழுவதும் நனைந்திருந்தது.

"லீதியா, நான் உனக்குப் பண்ணினது..." என்று கத்தினேன். காற்றில் கத்தினால்தான் கேட்கும்.

"சார், நான் இன்னும் உங்கள மன்னிக்கல" என்று அவளும் கத்தினாள். "மன்னிப்பேனான்னும் தெரியல. இப்ப கயித்தை மட்டும் விட்டுராதீய!"

விடவில்லை. உள்ளங்கை உரிந்துவிட்டது.

பதினொன்றரைக்கு ஆய்வுக்குழு மைதானத்தின் ஓரமாக வந்தது. நான்கு பேர், கண்ணாடியில் சாரல் விழாமல் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு. தாளாளர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எங்களைச் சுட்டிக்காட்டி ஏதோ நீளமாக விளக்கினார். குழுத் தலைவர் கூடாரத்தைப் பார்த்தார், கயிற்றில் தொங்கும் பேராசிரியர்களைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற செல்வின் பிறகு சொன்னார், எழுதியது இதுதானாம்: 'மொழிகள் புலத்தில் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி சிறப்பாக நடக்கிறது.'

அவர்கள் சாப்பிடப் போனார்கள். யாரும் எங்களை வெளியே வரச் சொல்லவில்லை. ஒரு மணி வரை பிடித்துக்கொண்டு நின்றோம்.

வீட்டில் மேபல் என் கையில் மஞ்சள் வைத்துக் கட்டினாள். நடந்ததைச் சொன்னேன். பாக்கியமுத்துவின் நாற்காலியைப் பற்றிச் சொல்லும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாரும் விடலையா?" என்று கேட்டாள். "யாரும் விடல" என்றேன்.

ஆகஸ்டு 5, திங்கள்

டீன் தினமும் தன் பத்துப் பேரையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பாக்கியமுத்து புதுப் பதிவேட்டைத் திறந்து, பெயர் சொல்லி அழைத்தார். தமிழ் நான்கு பேர். பிறகு லீதியாள், நிமிர்ந்த குரலில் "இருக்கேன் சார்" என்றாள். ஆங்கிலத்தில் மூன்று பேர், ஹிந்தி டீச்சர்.

கடைசிப் பெயருக்கு வந்ததும் அவருக்கு வாய் வரவில்லை. இருபத்தொன்பது வருடமாக என்னைச் சார் என்று கூப்பிட்டவர். பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் எண்ணை மட்டும் வாசித்தார்.

"பத்து?"

"இருக்கேன் சார்" என்றேன்.